ஐந்தாவது சைபர்

போன வருஷம் புரட்டாசி முடிகிற நேரம், எங்கள் காம்பராவில், அதாவது எங்கள் ஒற்றை அறை வீட்டில், சத்தம் போட்டுக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். அது என் மகளுடைய லெப்டொப். நானும் அங்கேதான் இருந்தேன். ஆனால் ஒரு மனிதன் தனியாக இருந்து என்ன சத்தம் போட முடியும்? அடுப்பை ஊதுவேன், இருமுவேன், அவ்வளவுதான். மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் பேசுவாள். மகள் கம்பஸில் பொறியியல் கடைசி வருஷம்.

பிள்ளைகளே, நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். நமுனுகுல மலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஸ்டோரில் வேலை செய்கிறேன். ஸ்டோர் என்றதும் கடை என்று நினைக்காதீர்கள். கொழுந்தைத் தூளாக்குகிற தொழிற்சாலையைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வோம். அதன் மேல்மாடியில் கொழுந்தை வாட்டுகிற இடத்தில் நிற்கிறேன். என் மகள் படித்த படிப்பில் எனக்கு விளங்கியதை இங்கே எழுதுகிறேன். எனக்கே விளங்கியது என்றால் உங்களுக்கு விளங்காமல் போகாது.

வாட்டுகிற இடத்தில் நீளமான தொட்டிகள் இருக்கும். இடுப்பு உயரம். மேலே கம்பி வலை. வலையின் மேல் கொழுந்தைப் பரப்புவோம். தொட்டியின் ஒரு முனையில் ஒரு பெரிய காற்றாடி, வலைக்கு அடியில் காற்றைத் தள்ளும். அந்தக் காற்று கொழுந்துக்கு நடுவே புகுந்து மேலே வரும்போது ஈரத்தைக் கொண்டுபோகும். கொழுந்து வாடும். இதில் ஒரு வில்லங்கம். காற்றாடிக்குப் பக்கத்தில் கிடக்கிற கொழுந்து பச்சையாகவே கிடக்கும்; தூரத்து முனையில் கிடப்பது முதலில் சுருங்கிவிடும். பக்கத்தில் இருப்பதல்லவா முதலில் வாட வேண்டும்? புதிதாக வேலைக்கு வருகிற எல்லோரும் இதைக் கேட்பார்கள். நாங்கள் பதில் சொல்வதில்லை. கையை விட்டுக் கிளறிப் போடச் சொல்வோம்.

கடைசி வருஷத்து ஆராய்ச்சிக்கு மகள் இந்தத் தொட்டியைத்தான் எடுத்துக்கொண்டாள். தொட்டிக்கு அடியில் ஒரு சாய்ந்த பலகை போட்டால் காற்று எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி வருமா என்று பார்க்க வேண்டுமாம். ஆனால் பலகை வாங்கிப் போட்டுப் பார்க்கப் போவதில்லை. கணக்கிலேயே காற்றை ஓடவிட்டுப் பார்ப்பாளாம். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, அளவு நாடாவோடு மேல்மாடிக்கு வந்தாள். தொட்டியின் நீளம், அகலம், ஆழம், காற்றாடியின் வாய் என்று எல்லாவற்றையும் அளந்தாள்.

என்னோடு வேலை செய்கிற கூட்டாளிக்குப் பொறுக்கவில்லை. "என்ன மச்சான், ஒம்மக தொட்டிக்கு சட்டை தைக்கப் போகுதா? கழுத்தளவு மட்டுந்தான் எடுக்கல" என்றான்.

"தீவாளிக்கு தச்சுக் குடுத்துருவேன் மாமா, ஒங்களுக்கும் சேத்து அளவெடுக்கவா?" என்று அவள் நாடாவை நீட்டினாள். அவன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு ஓடினான்.

அந்த வாரம் கம்பஸில் வேலைநிறுத்தம். அதனால் அவள் வீட்டில் இருந்தாள். எனக்குப் பெருநாள் மாதிரி இருந்தது. சாயங்காலத்தில் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அவளிடம் கேட்டேன். "காத்தக் கணக்குல எப்பிடி பாப்பா ஓட விடுவ?"

"பதுள பஸ்ஸ நெனச்சுக்குங்கப்பா. ஞாயித்துக்கெழம பஸ்."

ஞாயிற்றுக்கிழமை பஸ் எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரியும். கால் வைக்க இடம் இருக்காது. கொண்டக்டர் "உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க" என்று முன்வாசலில் ஒருவரைத் தள்ளி ஏற்றினால், பின்வாசலில் நிற்கிறவர் றோட்டில் இறங்க வேண்டியதுதான். நடுவில் நிற்கிறவர்கள் ஒவ்வொருவரும் அரை அடி நகர்வார்கள். யாரும் சுருங்கிப் போவதில்லை. முன்னால் விழுந்த இடி அந்த நொடியே பின்னால் போய்ச் சேரும்.

"தண்ணியும் அப்பிடித்தான். நசுங்காது. ஒரு எடத்துக்கு எவ்வளவு வருதோ அவ்வளவு வெளிய போயே ஆகணும்" என்றாள்.

எனக்கு ஒரு சந்தேகம். "காத்து நசுங்குமே. சைக்கிள் பம்ப வாயப் பொத்திக்கிட்டு அமுக்குனா அமுங்குதுல்ல?"

"அதுல போக வழி இல்ல, அதனால அமுங்குது. தொட்டியில வழி தொறந்து கெடக்கு. காத்தாடி தள்ளுற இந்த வேகத்துல காத்து நசுங்காது, வெலகித்தான் போகும். அதனால தண்ணி மாதிரியே கணக்குப் போடலாம்."

பிறகு அவள் கொம்பியூட்டர் செய்வதைச் சொன்னாள். தொட்டிக்குள்ளே இருக்கிற வெற்று இடத்தை அது சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டிக்கொள்ளும். அரிசிப் பெட்டிக்குள் தீப்பெட்டிகளை அடுக்கின மாதிரி. ஒவ்வொரு கட்டத்திலும் காற்று எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று முதலில் ஒரு குத்துமதிப்பு போடும். அந்தக் குத்துமதிப்பு எப்போதும் பிழையாகத்தான் வரும். சில கட்டங்களில் வந்தது கூடவும் போனது குறைவாகவும் இருக்கும். சிலதில் மறுபக்கம். அப்போது, நெரிசல் கூடின கட்டத்துக்கு அமுக்கத்தைக் கூட்டும். அமுக்கம் கூடினால் மிச்சக் காற்றைப் பக்கத்துக் கட்டங்களுக்குத் தள்ளிவிடும். இந்தக் கட்டம் சரியாகும், ஆனால் பக்கத்துக் கட்டம் குழம்பும். அதைச் சரிசெய்தால் அதற்கடுத்தது குழம்பும். இப்படியே எல்லாக் கட்டங்களையும் ஒரு சுற்று சுற்றிவரும். பிறகு இன்னொரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் குழப்பம் கொஞ்சம் குறையும். ஒரு சுற்று முடிந்ததும், இன்னும் சரியாகாமல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஒரே ஒரு எண்ணைத் திரையில் எழுதும்.

"அந்த மிச்சம் எதுக்குப் பாப்பா அவ்வளவு முக்கியம்?"

"மிச்சம் இருந்தா, எங்கயோ ஒரு மூலையில காத்து சும்மா உண்டாகுதுன்னு அர்த்தம்பா. இல்லேன்னா காணாமப் போகுதுன்னு அர்த்தம். அப்பிடி நடக்காதுல்ல?"

நடக்காதுதான்.

கணக்கை ஓடவிட்டதும் கம்பஸைத் திறந்துவிட்டார்கள். அவள் உடனே போக வேண்டும். லெப்டொப் பழையது, யாரிடமோ வாங்கினது. அதன் பெட்டரி செத்துவிட்டது. கரண்ட் கம்பியைக் கழற்றினால் அணைந்துவிடும். அணைந்தால் ஓடினதெல்லாம் வீண். கரண்ட் போனால் சமாளிக்க ஒரு பெட்டியை மட்டும் தன் கம்பஸ் கூட்டாளி ஒருத்தியிடம் இரவல் வாங்கி மாட்டியிருந்தாள். ஆகவே மிஷினை வீட்டில் விட்டுவிட்டு அவள் மட்டும் பஸ் ஏறினாள்.

போகும்போது எனக்குச் சொன்னது இது: "தீவாளிக்கு முந்தி, மிச்சம் இருக்கிற நம்பர்ல புள்ளிக்கு அப்புறம் அஞ்சு சைபர் வந்திருச்சுன்னா கணக்கு முடிஞ்சிச்சு. நான் வந்து வீட்டுலயே ஒக்காந்து படம் போட்டு, தீவாளி முடிஞ்சு மிஷினத் தூக்கிட்டுப் போய் சார்கிட்ட காட்டிருவேன். வரலேன்னா நான் வர ஏலாதுப்பா. லேப்ல பெரிய பெரிய கட்டமா வெட்டி, சுருக்கமா இன்னொரு கணக்கு ஓட்டணும். லீவுலயும் தொறந்து தாரேன்னு சார் சொல்லியிருக்காரு. ரெண்டுல ஒண்ணு கையில இல்லேன்னா என்னைய இந்த வருஷம் பாஸாக்க மாட்டாங்க."

அன்றிலிருந்து சாயங்காலங்களில் எனக்கு ஒரு வேலை வந்தது. காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கிற எங்கள் லயத்துக்குள் சிக்னல் கிடையாது. பின்னால் மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்கு மேலே ஏறினால்தான் போன் பேசும். ஆகவே திரையில் கடைசி வரியைப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு, வாயால் சொல்லிக்கொண்டே பீலிக்குப் போவேன். பக்கத்துக் காம்பராவில் இருக்கிற கொழுந்து எடுக்கிற தங்கச்சி, என் உறவு இல்லை, ஆனால் அண்ணே என்றுதான் கூப்பிடும், ஒரு நாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டது.

"என்னண்ணே, சைபர் சைபருன்னு மந்திரம் சொல்லிக்கிட்டுப் போறீங்க? லொத்தர் சீட்டு விழுந்திருச்சா?"

"விழுந்தா ஒனக்குத்தான் மொதல்ல சொல்லுவேன்."

"வெறும் சைபரா விழுந்தா நீங்களே வச்சுக்குங்க."

முதல் சில நாட்களில் எண் வேகமாக இறங்கியது. ஒரு சைபர், இரண்டு சைபர். இந்த வேகத்தில் போனால் அவள் நேரத்தோடு வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டு, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். பிறகு அது மெதுவாகிவிட்டது. ஏன் என்று கேட்டேன். பக்கத்துக் கட்டத்தோடு இருக்கிற சண்டை சீக்கிரம் தீர்ந்துவிடுமாம். தொட்டியின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடுவே இருக்கிற குழப்பம்தான் லேசில் தீராதாம். ஒவ்வொரு சுற்றிலும் செய்தி ஒரு கட்டம்தானே நகர்கிறது, அங்கே போய்ச் சேர நாளாகும் என்றாள். குவைத்தில் இருக்கிறவளும் நானும் பேசிக்கொள்கிற மாதிரிதான் என்று நினைத்தேன்.

ஸ்டோரிலிருந்து வந்து கதவைத் திறந்தால், உள்ளே லெப்டொப்பின் சின்னக் காற்றாடி உஸ்ஸென்று ஓடிக்கொண்டிருக்கும். வீட்டில் யாரோ இருக்கிற மாதிரி இருக்கும். செருப்பைக் கழற்றும்போதே "வந்துட்டேன்" என்று சொல்ல ஆரம்பித்தேன். பாயை மேசைக்குப் பக்கத்தில் மாற்றிப் போட்டேன்.

சரஸ்வதி பூசை வந்தது. அன்றைக்கு ஸ்டோரில் எல்லா மிஷினையும் நிறுத்திக் கழுவி, சந்தனமும் குங்குமமும் வைப்போம். வாட்டுகிற காற்றாடிக்கும் பொட்டு உண்டு. பூசணிக்காய் உடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் வைக்க எதுவும் இல்லை. மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் புத்தகம் கூரையை முட்டும். கணக்குப் பரீட்சை வருகிற வருஷம் கணக்குப் புத்தகம் மேலே இருக்கும். இப்போது என் கொழுந்து கிளறுகிற கையைத்தான் வைக்க வேண்டும்.

பக்கத்துத் தங்கச்சி கடலைச் சுண்டல் கொண்டுவந்தது. வாசலில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டது.

"என்னண்ணே இது அநியாயமா இருக்கு? ஸ்டோருல அம்மாம்பெரிய மிஷினையே நிப்பாட்டிப் பொட்டு வச்சிருக்காங்க. ஒங்க வீட்டுல இது மட்டும் ஓடுது! படிக்கிற சாமானுண்ணே அது. இன்னைக்குத் தொடலாமா?"

"நான் எங்க தொட்டேன்? அதுவாத்தான ஓடுது."

"ஓட விடுறதும் தொடுறதும் ஒண்ணுதான். பரீட்ச எழுதப்போற புள்ளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

அந்தச் சொல் எனக்குள் புகுந்துகொண்டது. பீலிக்கு ஏறி மகளுக்குப் போன் அடித்தேன். போன் ஓஃப். இறங்கி வந்து யோசித்தேன். ஸ்டோர்க் காற்றாடிகளை இன்றைக்கு நிறுத்தினோம். நாளைக் காலையில் ஸ்விட்சைப் போட்டால் ஓடும். ஒரு நாள் ஓய்வால் அவற்றுக்கு ஒரு கெடுதியும் இல்லை. மகள் சொன்னது கம்பியைக் கழற்றக் கூடாது என்றுதான். கம்பியைத் தொட மாட்டேன். மிஷினைத் தூக்கிச் சாமி படத்துக்கிட்டே கொண்டுபோனால்தானே கம்பி கழலும்? ஆகவே சாமி படத்தை ஆணியிலிருந்து கழற்றி மிஷினிடம் கொண்டுவந்தேன். புத்தகத்தை மூடுகிற மாதிரி மெதுவாக அதன் மூடியை மூடினேன். மேலே சந்தனம் வைத்தேன். உஸ்ஸென்ற சத்தம் கொஞ்சம் ஓடி நின்றது. சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பினால், வீட்டில் அவ்வளவு இடம் இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

சாயங்காலம் அவள் பேசினாள். "நம்பர் என்னப்பா?"

"இன்னைக்குப் பூச பாப்பா. மூடி வச்சிருக்கேன்."

"மூடியவா மூடுனீங்க?"

"கம்பியத் தொடவே இல்ல."

"அப்பா, மூடியப் போட்டா அது தூங்கிரும். கணக்கு அப்பிடியே நிக்கும்."

"அழிஞ்சிருமா?"

"அழியாது. நிக்கும், அவ்வளவுதான். ஆனா நாள் போகுதே."

"அப்ப இப்ப போய்த் தொறந்துறவா?"

இப்போது அவள் யோசித்தாள். பொறியியல் படிக்கிற பிள்ளை, நிமிஷம் நிமிஷமாக நேரத்தை எண்ணுகிற பிள்ளை. கடைசியில் சொன்னாள்: "வேணாம்பா. வச்சது வச்சபடி இருக்கட்டும். காலையில எடுங்க." பிறகு சிரித்தாள். "எனக்கும் பயமா இருக்குல்ல."

காலையில் கும்பிட்டுவிட்டு மூடியைத் திறந்தேன். காற்றாடி எழுந்தது. கணக்கு விட்ட இடத்திலிருந்து ஓடியது. ஒரு நாள்தான் போனது. அந்த ஒரு நாள் கடைசியில் எங்கே வந்து நிற்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

நடுவில் ஒரு தரம், கணக்கு அரைகுறையாக இருக்கும்போதே என்ன தெரிகிறது என்று கேட்டேன். இது முடியாமல் பலகையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாதாம், ஆனால் பலகை இல்லாத தொட்டியை அவள் முன்னமே ஓட்டிப் பார்த்திருந்தாள். காற்றாடிக்குப் பக்கத்தில் காற்று ஓட்டமாக ஓடுகிறதாம். ஓடுகிற காற்று பக்கவாட்டில் குறைவாகத்தான் அமுக்குமாம், ஆகவே வலைக்கு மேலே அதிகம் ஏறாது. தூரத்துச் சுவரில் முட்டி நிற்கும்போது அமுக்கம் கூடுகிறது, மேலே கிளம்புகிறது. அதனால்தான் கடைசியில் கிடக்கிற கொழுந்து முதலில் வாடுகிறது. இதை ஸ்டோர்க் கூட்டாளியிடம் சொன்னேன். "இவ்வளவு நாளா வாய மூடிக்கிட்டுக் கெளறுனோமே மச்சான்" என்றான்.

அவள் பஸ்ஸுக்கு முடிவு சொல்ல வேண்டிய நாள், தீபாவளிக்கு முந்தின நாள், வந்தது. கம்பஸ் கூட்டாளி ஒருத்தி அவளுக்கும் சேர்த்து சீட் பிடித்து வைத்திருந்தாளாம். சாயங்காலம் ஐந்தாவது சைபர் வந்திருந்தால் அவள் ஏறுவாள்.

வேலை விட்டு ஓட்டமும் நடையுமாக வந்தேன். செருப்போடேயே உள்ளே போனேன். புள்ளி, நாலு சைபர், அதற்குப் பின்னால் ஒரு இரண்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். இரண்டுதான். அடுத்த சுற்று முடிகிற வரைக்கும் நின்றேன். அதிலும் இரண்டு.

பீலிக்கு ஏறினேன். லயத்துப் பிள்ளைகள் வெடி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். நனைந்த வெடி, பாதி வெடிக்கவில்லை. பக்கத்துத் தங்கச்சி வீட்டிலிருந்து எண்ணெய் வாசனை வந்தது. பிள்ளைகளே, திரையில் இருக்கிற அந்த நம்பரை இந்த மலையில் பார்க்கிற ஆள் நான் ஒருவன்தான். வந்திருச்சு என்று ஒரு சொல் சொன்னால், விடியும்போது அவள் வாசலில் நிற்பாள். வந்த பிறகு திரையைப் பார்ப்பாள். திட்டட்டுமே. திட்டுவதற்காவது வீட்டில் ஒரு ஆள் இருக்கும். இவ்வளவும் நினைத்தேன். லேபும் கையில் இல்லாமல், இதுவும் முடியாமல் அவள் சாருக்கு முன்னால் நிற்பாள் என்பதையும் நினைத்தேன்.

போன் அடித்தது. "அஞ்சு வந்திருச்சாப்பா?" பின்னால் பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"நாலுதான் பாப்பா. அதுக்குப் பின்னால ரெண்டு."

"சரியாப் பாத்தீங்களா?"

"ரெண்டு தரம் பாத்தேன்."

பெட்டிச் சத்தம் நின்றது. "அப்ப நான் இங்கயே நிக்கிறேம்பா."

"நில்லு. வேலையப் பாரு. நான் என்ன, இங்க எல்லாரும் இருக்காங்கல்ல."

"குளிருதுன்னு எண்ண தேச்சுக் குளிக்காம இருந்துறாதீங்க."

"சரி சரி."

தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். முதுகுக்குக் கை எட்டவில்லை, எட்டின வரைக்கும் தேய்த்தேன். கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். பக்கத்துத் தங்கச்சி பலகாரத் தட்டை நீட்டிவிட்டு, "புள்ள வரலையாண்ணே?" என்று கேட்டது. "வேல" என்றேன். தங்கச்சி இரண்டு முறுக்கைக் கூட வைத்தது.

மத்தியானம் சோறு வடித்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். சைபர்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். ஐந்து. கணக்கு தானாகவே நின்று, முடிந்தது என்று ஒரு வரி எழுதியிருந்தது.

பீலியில் நின்று சொன்னதும் அவள் கத்தின கத்தல் போனுக்கு வெளியே கேட்டது. "அப்பா! இங்க லேப்லயும் காலையில முடிஞ்சிச்சு! பெரிய கட்டத்துல ஒரு வெட, சின்னக் கட்டத்துல ஒரு வெட. ரெண்டும் கிட்டக்கிட்ட வந்துச்சுன்னா கணக்கு சரின்னு எல்லாரும் நம்புவாங்க. ஒண்ணு மட்டும் இருந்தா சார் ஆயிரம் கேள்வி கேட்பாரு." லீவுக்கு வீட்டுக்குப் போகாமல் அவளுக்காக நின்ற சிங்களப் பிள்ளை ஒன்று பின்னால் ஏதோ சொல்லிச் சிரித்தது. அது அவளுக்குப் பாற்சோறு செய்து கொண்டுவந்திருந்ததாம்.

"நீங்க சாப்புட்டீங்களாப்பா?"

"இனித்தான்."

"போய்ச் சாப்புடுங்க. ஆறிரும்."

இறங்கி வந்தேன். வர மாட்டாள் என்று தெரிந்தும் காலையில் கை பழக்கத்தில் இரண்டு பேருக்கு அரிசி போட்டிருந்தேன். என் பங்கைச் சாப்பிட்டேன். மீதிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தேன்.